லிஃப்ட்காரர் அனுப்பிய படங்கள்

கல்யாணப் பேச்சுக்காக வீட்டுக்கு வந்துபோன ஒரு மனிதர், அடுத்த வாரம் பெண்ணுக்கு என்ன அனுப்புவார்? "சாப்பிட்டீங்களா" என்று ஒரு செய்தி அனுப்புவார். கொஞ்சம் துணிச்சல்காரராக இருந்தால் ரோஜாப்பூப் படம் போட்டு ஒரு காலை வணக்கம் சொல்வார். என் அக்காவுக்கு வந்தது ஒரு திருட்டுப் படம். திருட்டுத்தனமாக எடுத்த படம் என்று நினைத்துவிடாதீர்கள், திருடர்களைப் பற்றிய படம். அதுவும் கறுப்பு வெள்ளை. "ஞாயித்துக்கிழமை நேரம் இருந்தா பாருங்க. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. வேறு ஒன்றும் இல்லை.

"இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா?" என்றேன்.

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, புடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவள் பேச்சு அதற்கு மேல் நீளாது. நான் அதற்கு நேர் எதிர். துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில், வாங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு, மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பது என் வேலை. வாய்தான் என் பிழைப்பு. ஒரு கல்யாணம் செய்து பார்த்து, போதும்டா சாமி என்று அக்காவிடமே திரும்பி வந்தவள் நான். அக்கா அந்தப் பக்கமே போகாதவள். அப்பா படுக்கையில் இருந்த வருஷங்களில் வந்த வரன்களையெல்லாம் "இப்ப வேணாம்" என்று திருப்பி அனுப்பினாள். அப்பா போன பிறகு வரன் வருவதும் நின்றுபோயிற்று. அக்காவுக்கு நாற்பது தாண்டிய பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில் சித்தி கொண்டுவந்த வரன்தான் இந்த லிஃப்ட்காரர்.

அது நான் வைத்த பெயர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அன்று அவர் படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாராம். சித்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் அந்த நாடகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. மாலையில் வந்து அக்காவைக் குடைந்தேன்.

"வந்தாரு. உக்காந்தாரு. போனாரு" என்றாள்.

சித்தியைப் போனில் பிடித்தேன். "உங்கக்கா என்னைக்குடி வாயைத் தொறந்து பெருசா சொல்லிருக்கா? அவரும் அதே ரகம். ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிப் பாக்கட்டும், அப்புறம் பதில் சொன்னாப் போதும்னு சொல்லிட்டேன்" என்றாள்.

பேசிப் பாருங்கள் என்றால், இவர்கள் படம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி முன்னால் அக்காவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எனக்கு யாரும் அழைப்பு வைக்கவில்லை. ஆனால் என் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. படத்தில் இரண்டு திருடர்கள், ஒரே வீட்டுக்குள் ஒரே சமயத்தில் நுழைகிறார்கள். இவன் அவனை வீட்டுக்காரன் என்று நினைக்கிறான், அவன் இவனை. மாட்டிக்கொள்ளாமல் இருக்க இருவரும் விருந்தாளி போல நடிக்கிறார்கள். காப்பி போட்டுக் கொடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் நிஜ வீட்டுக்காரர் வந்து, நீங்கள் யார் என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அவரை விரட்டுகிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அக்கா சத்தமில்லாமல் சிரிப்பவள். தோள் மட்டும் குலுங்கும். குலுங்கியது.

படம் முடிந்ததும் போனை எடுத்து யோசித்து யோசித்துத் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். "பரவாயில்லை" என்று அனுப்பியிருந்தாள்.

"அடேங்கப்பா! எடுத்த எடுப்பிலேயே முதல் மார்க்கா?" என்றேன். அக்காவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

இதை விளக்கிவிட வேண்டும். எங்கள் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பார், கால் அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பிரேக்கின் மேல் இருக்கும். வண்டி தாறுமாறாகப் போகும்போது, ஓட்டுகிறவர் பயந்து கம்பத்தில் ஏற்றிவிடக் கூடாது என்று, "நல்லா ஓட்டுறீங்க, நல்லா ஓட்டுறீங்க" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக மிதித்து நிறுத்துவார். யாருக்கு ஸ்டியரிங் பிடிக்கவே வரவில்லையோ அவருக்குத்தான் அந்தப் பாராட்டு. நிஜமாகவே கை படிந்துவிட்டவரிடம் அவர் காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பரவாயில்ல" என்பார். அந்தப் பாஷை அப்படியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வாயில் வைக்க முடியாத கேக் வந்தால் "நல்லா இருந்துச்சுங்க." அக்காவுக்கு எக்ஸ்ரே வேலை கிடைத்த அன்று, உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது "பரவாயில்ல." அன்றைக்கு அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் பேய்ப் படம் வந்தது. பேய்க்கு மனிதர்களைக் கண்டால் பயம், பாவம், அதுவே அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறது. ஆனாலும் நான் ஒரு வாரம் அலமாரியைத் திறக்க அக்காவைத்தான் கூப்பிட்டேன். அக்காவிடமிருந்து போன பதில், "பரவாயில்லை."

அதற்கடுத்து ஒரு கார்ட்டூன். தெருவிளக்கைக் காதலிக்கும் ஒரு விட்டில் பூச்சி. அதற்கும் "பரவாயில்லை." பிறகு பல்வலியோடு தீர்ப்புச் சொல்ல வரும் நீதிபதியின் கதை, எங்கள் அம்மா பிறந்த காலத்துப் படமாக இருக்கும். "பரவாயில்லை." பிறகு எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில், பழுதான ஒரு பாலத்தைக் காவல் காக்கும் ஒற்றை மனிதனும் அவனுடைய ஆடும். படம் முழுக்க அவன் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதுவும் ஆட்டிடம். எனக்குக் கொட்டாவி வந்தது. அக்கா கண்ணிமைக்காமல் பார்த்தாள். முடிந்த பிறகும் பேர் ஓடுகிற இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அனுப்பப் போற?" என்றேன்.

"ரொம்ப பரவாயில்லைன்னு அனுப்பலாமா?"

"வேணாம்டி. தலைக்கனம் ஏறிடும்."

வெறும் "பரவாயில்லை" போயிற்று. நாசமாய்ப் போன என் வாய்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மனிதர் ஒரு வாரம் போல இன்னொரு வாரம் இல்லை. சிரிப்பு, பேய், பூச்சி, கோர்ட்டு, ஆடு. அந்தக் காலம், இந்தக் காலம், நம்ம ஊர், அடுத்த ஊர். ஒரு ஆளின் ரசனை என்றால் அதற்கு ஒரு முகம் இருக்க வேண்டாமா?

"நிலையில்லாத ஆளா இருப்பாரோ?" என்றேன் அக்காவிடம். "இன்னைக்கு ஒண்ணு புடிக்கும், நாளைக்கு ஒண்ணு புடிக்கும்."

"எல்லாமே நல்ல படம்" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் பாத்திருக்காரு. எப்பப் பாத்தாரு, யாரோட பாத்தாருன்னுதான் தெரியல."

அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சனிக்கிழமையானால் டிவியைத் துணி போட்டுத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே அந்த ஆட்டுக்காரன் விசிலடித்த மெட்டை முணுமுணுத்தாள். என் அக்கா எதையாவது ஆசைப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் டிவியும்தான். அது வேறு விஷயம், அதை நான் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் வந்தது அந்த அழுமூஞ்சிப் படம்.

கதாநாயகி முதல் காட்சியிலேயே இருமுகிறாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் தேறமாட்டாள் என்று. மழையில் நனைந்து இருமுகிறாள், ஊஞ்சலில் ஆடி இருமுகிறாள், சாகக் கிடந்துகொண்டு முழுசாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். அக்கா பாதியில் எழுந்து போய் வெங்காயம் உரித்தாள். "நிஜ எக்ஸ்ரேல இவ்வளவு சளி இருந்தா பாட முடியாது" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. ஆனாலும் அனுப்பியவர் மனம் கோணக் கூடாது இல்லையா? கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்லா இருந்துச்சு" என்று தட்டினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக உடனே பதில் வந்தது. "அப்படியா!! ரொம்ப சந்தோஷம்!!" என்று ஆச்சரியக்குறிகளாக அடுக்கியிருந்தார்.

அன்று பிடித்தது சனி. அடுத்த வாரம் பார்வை போகும் தாய். அதற்கடுத்த வாரம் பிரிந்துபோகும் இரட்டைப் பிள்ளைகள். அப்புறம் ஒரு பாடகன், அவனுக்குக் குரல் போகிறது. அப்புறம் ஒரு நாய், அது எஜமானுக்காகக் காத்திருந்தே செத்துப்போகிறது. அக்கா ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் "நல்லா இருந்துச்சு" என்று அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவர் பதிலில் சந்தோஷம் கூடியது. அக்காவின் முகத்தில் வெளிச்சம் குறைந்தது. சனிக்கிழமை டிவி துடைப்பது நின்றது.

நாய் செத்த அன்று அக்கா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மொதல்ல வந்ததெல்லாம் யாரையோ கேட்டு அனுப்பிருப்பாரு போல. இதுதான் அவரோட நெஜ ரசனை. எனக்கு இருமல் சத்தம் ஆஸ்பத்திரியிலேயே போதும். வீட்டுக்கு வந்தும் வாழ்நாள் பூரா அழுதுட்டு உக்காந்திருக்க முடியாது."

"அதுக்காக வேணாம்னு சொல்லப் போறியா? படம் தானேடி!"

"படம் மட்டும்னா சரி. அந்த ஆட்டுக்காரன் படத்தை அனுப்பின மனுஷனோட இருக்கலாம்னு நெனச்சேன். அந்த மனுஷன் இவர் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இருமல்காரி செத்தபோது வராத அழுகை. வரும் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரையும் கூட்டிக்கொண்டு பதில் கேட்க வருவதாகச் சித்தி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் ஆபீசில் எனக்கும் மேனேஜருக்கும் பெரிய சண்டை. நாங்கள் போனில் கேட்கிற பதிலைக் கம்ப்யூட்டரில் "திருப்தி" என்றோ "குறை" என்றோ குறிக்க வேண்டும். மேனேஜர் நான் பேசிய அழைப்புகளை எடுத்துக் கேட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மெஷின் பரவாயில்லன்னு சொன்னவங்களை எல்லாம் ஏம்மா திருப்தியில போட்டு வச்சிருக்க?"

"பரவாயில்லன்னா திருப்திதானே சார்?"

"எந்த ஊர்ல? பரவாயில்லன்னா குறை. வாயைத் தொறந்து சொல்லாத குறை. அடுத்த தடவை வேற கம்பெனி மெஷின் வாங்குவாங்க."

"இல்ல சார். நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் சார் சந்தேகப்படணும். போனைச் சீக்கிரம் வச்சுடணும்னு சொல்றது அது."

அறையே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்து மேஜைக்காரியிடம் திரும்பி, "நீ சொல்லு. உன்கிட்ட ஒருத்தர் உன் சமையல் பரவாயில்லன்னா என்ன நெனப்ப?" என்றேன்.

"உப்புச் சப்பில்லன்னு நெனப்பேன்" என்றாள் அவள்.

"அதை எப்படிச் சொல்றாங்கன்னு இருக்குல்ல? பரவாயில்லையேன்னு இழுத்துச் சொன்னா?"

"இழுத்துச் சொன்னா நல்லது. மொட்டையாச் சொன்னா சுமார்."

மொட்டையாக. போனில் எழுத்தாகப் போகிற வார்த்தை மொட்டையாகத்தானே போகும்? அதில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்புவது எங்கே தெரியும்? அக்காவின் தோள் குலுங்கியது எங்கே தெரியும்? பொட்டில் அடித்தாற்போல இருந்தது. மேனேஜர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "சரி சார், எல்லாம் குறை சார், மாத்திடறேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சித்தியிடம் லிஃப்ட்காரர் வேலை செய்யும் கட்டடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மதிய இடைவேளையில், அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போய்விட்டேன். மேல் மாடி ஒன்றில், "பழுது பார்க்கப்படுகிறது" என்ற மஞ்சள் பலகைக்குப் பின்னால் லிஃப்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி தரைக்குக் கீழே இறங்கி நின்றது. அதன் கூரை மேல் ஒரு மனிதர் நின்றிருந்தார். அவர் தலை என் முழங்கால் உயரத்தில் இருந்தது. அக்காவின் வருங்காலத்தை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது இப்படித்தான், உச்சந்தலையிலிருந்து. கொஞ்சம் வழுக்கை.

யார் என்று சொன்னதும் பதறிப்போனார். "அவங்களுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. நீங்க வேலையைப் பாருங்க. எனக்கு ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போயிடறேன்" என்று படியில் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு பழைய துணியை இரும்புக் கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இழுத்தார். கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும் என்றார். எங்கும் மாட்டவில்லை.

"உங்களுக்கு அழுகைப் படம்னா ரொம்ப இஷ்டமோ?" என்றேன்.

துணி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? ஆகவே ஆகாது. எங்கம்மா இருந்தப்ப சிரிப்புப் படம் மட்டும்தான் வீட்ல ஓடும். ஆனா உங்கக்காவுக்கு அதுதானே புடிச்சிருக்கு? தேடித் தேடிப் பாக்கறேன். போன வாரம் அந்த நாய் படத்தை அவங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாக்கணுமே, என்னால முடியல. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி அனுப்பினதெல்லாம்?"

"எனக்குப் புடிச்சது. வாரம் ஒண்ணு குடுத்துப் பாத்தேன். சிரிப்பு வேணாமா, சரி, பேய். பேய் வேணாமா, சரி, கார்ட்டூன். எதுவும் அவங்க மனசுக்கு ஒட்டல. எல்லாத்துக்கும் பரவாயில்லன்னாங்க." துணியை மடித்தார், பிரித்தார். "அந்தப் பாலம், ஆடு படம் இருக்குல்ல? அதை நான் யாருக்கும் சொன்னதே இல்ல. இந்தக் குழிக்குள்ள ஒத்தையா நிக்கற ஆளுக்குத்தான் அது புரியும்னு வச்சிருந்தேன். அதுதான் நான். அதையும் பரவாயில்லன்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "பரவாயில்லன்னா உங்களுக்கு என்னங்க அர்த்தம்?"

அவர் கயிற்றைத் தட்டிக் காட்டினார். "நான் ஒரு கயிறைப் பாத்துப் பரவாயில்லன்னு சொன்னா, இப்போதைக்கு ஓடும், அடுத்த தடவை மாத்திடணும்னு அர்த்தம். மொத நாள்ள இருந்தே எனக்குக் கெடச்சது அந்த வார்த்தைதாங்க. மாத்தறதுக்குள்ள என்னைச் சரி பண்ணிக்கலாம்னு பாத்தேன்."

நான் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பக்கத்துச் சீட்டு, பிரேக், ஜன்னல், கேக், வேலை உத்தரவு, எல்லாம் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க மெல்லப் பெட்டியின் கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது மூக்கு வரைதான் தெரிந்தது.

"அப்ப அந்த ஆடு படம்?"

"முடிஞ்ச அப்புறமும் பாத்துட்டே இருந்தா. அந்த விசிலை இன்னும் முணுமுணுக்கறா."

"அப்ப அந்த இருமல் படம்?"

"பாதியில வெங்காயம் உரிக்கப் போயிட்டா."

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கிரீஸ் வழுக்கையில் அப்பிக்கொண்டது. "நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே! எத்தனை பேரைச் சாக விட்டேன்!" உடனே நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கணும். உங்கக்காவுக்குச் சுத்தமா புடிக்கலன்னா என்ன சொல்வாங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்வா."

"ரொம்ப வேற போடுவாங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

"ஏன்? சொன்னா உங்களுக்கு நல்லதுதானே? அவ வேணாம்னு சொல்ற முடிவுல இருக்கா, தெரியுமா?"

அவர் முகம் சுருங்கியது. "இருக்கட்டும். நீங்க சொன்னா அவங்க எனக்காக வார்த்தையை மாத்திப்பாங்க. அப்புறம் அவங்களை எனக்குப் புரியாமப் போயிடும். நானே வந்து பேசறேன்."

பிடிவாதக்காரர். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் ஞாயிறு வரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது இருக்கிறதே, என் வாழ்நாளில் அதற்கு ஈடாக ஒரு கஷ்டம் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அக்கா சொல்லிவிட்டாள். "இன்னைக்கு நான் ஒரு படம் போடறேன். இத்தனை வாரம் அனுப்பினாரு. போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல படம் பாத்துட்டுப் போகட்டும்." எனக்குத் திக்கென்றது. வழியனுப்புகிற மாதிரியே பேசினாள்.

சித்தி முன்னால் வந்தாள், பின்னால் லிஃப்ட்காரர், மூன்று மாடி ஏறிய மூச்சோடு. அக்கா தேநீரை வைத்தாள், பிஸ்கட்டை வைத்தாள், படத்தைப் போட்டாள். அப்பா உயிரோடு இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது போடச் சொல்லும் பழைய துரத்தல் படம். கார்கள் சந்துபொந்தெல்லாம் பறக்கும். அப்பா கதையைப் பார்க்கவே மாட்டார். "கிளட்சை மிதிக்காமலே கியர் மாத்தறான் பாரு! இவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

சித்தி கால்மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். லிஃப்ட்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் வில்லன் லிஃப்டில் ஏறித் தப்பிக்கிறான். "கதவு மூடாம லிஃப்ட் கெளம்புது பாருங்க! இவனுக்கு எவன்..." என்று கத்திவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

படம் முடிந்தது. அக்கா ரிமோட்டை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

அவர் காலித் தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவாயில்ல" என்றார்.

அக்காவின் கட்டைவிரல் ரிமோட்டின் மேலேயே நின்றுவிட்டது. அப்பா போன பிறகு அந்த வார்த்தையை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

இந்த நேரம் பார்த்துச் சித்தி விழித்தாள். "படம் முடிஞ்சுதா? சரி, வந்த வேலையைப் பாப்போம். ஏண்டி, பெரியவளே, உன் முடிவு என்ன? மாப்பிள்ளை முன்னாடியே சொல்லிடு. ஒளிவு மறைவு வேணாம். மனுஷன் எப்படி?"

அக்கா ரிமோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"பரவாயில்ல, சித்தி."

"அட என்னடி இது!" சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தனை வாரத்துக்கு அப்புறமும் இதேதானா? இவர் மொத நாள் வந்தாரே, அன்னைக்கும் சமையக்கட்டுல வச்சு இதே வார்த்தைதான் சொன்னே. நானும் வாய் சும்மா இல்லாம அதை அப்படியே இவர்கிட்ட சொல்லித் தொலைச்சேன். பாவம், மனுஷன் முகமே செத்துப்போச்சு!"

லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். மொத நாளிலிருந்தே என்று அன்று குழிக்குள்ளிருந்து அவர் சொன்னது எனக்கு இப்போதுதான் உறைத்தது. அந்த மடச்சாம்பிராணி வார்த்தை, படங்களெல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அன்னைக்கேவா?" என்றார் அக்காவிடம்.

அக்கா தலையசைத்தாள்.

அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார். நெஞ்சு நிமிர்ந்து, வாய் இறுகி, அசையாமல் அப்படியே நின்றார்.

"மூச்சை விடுங்க" என்றாள் அக்கா.